கயிற்றின் முன்முனையில் நின்றவர்கள்

இடுப்பில் வார்ப்பட்டை, தலையில் கவசம், கம்பியில் தொங்கி ஒரு பள்ளத்தாக்கைக் கடத்தல், பிறகு சிறு பாறையேற்றம், மாலைக்குள் விடுதி. இத்தகைய ஒருநாள் பயணங்களை இன்று பல நாடுகளில் காண்கிறோம். மலையேறவே அறியாதவர் காசு கொடுத்து இன்னொருவரின் கால்களையும் கண்களையும் நம்பி உயரம் செல்லும் இவ்வழக்கத்தின் வரலாற்றைத் தேடிப் போனால், ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சிற்றூரான ஷமோனியில் சென்று நிற்போம்.

1760இல் அங்கு வந்த ஜெனீவா அறிஞர் சொசூர், மோன் பிளாங் சிகரத்துக்கு வழி காண்பவருக்குப் பரிசு அறிவித்தார். 26 ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1786 ஆகஸ்ட் 8 அன்று ஊர் மருத்துவர் பக்காரும், படிகக்கல் தேடிப் பிழைத்த ஜாக் பல்மாவும் உச்சியை அடைந்தனர். மறு ஆண்டு சொசூரே ஏறினார். உடன் 18 வழிகாட்டிகள். 1887இல் ஊர்ச் சதுக்கத்தில் எழுந்த சிலையில் பல்மா சொசூருக்குச் சிகரத்தைச் சுட்டிக்காட்டுகிறார். பக்கார் அதில் இல்லை. அவருக்குச் சிலை வைக்க 1986 வரை ஆயிற்று. வரலாறு சில சமயம் சிற்பியைவிட மெதுவாக வேலை செய்கிறது போலும்!

ஆனால் நாம் நினைவுகூர விரும்புவது வேறு மூவரை. 1820 ஆகஸ்டில் ரஷ்யாவிலிருந்து வந்த ஹாமெல் என்னும் அறிஞர், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த இருவருடன் மலையேறினார். வானிலை கெட்டது, வழியிலேயே தங்க நேர்ந்தது. இறங்கிவிடலாம் என்று வழிகாட்டிகள் தயங்கியும் பயணம் தொடர்ந்தது. சரிவில் புதுப்பனி பெயர்ந்தது. பியேர் பல்மா, பியேர் காரியே, ஓகுஸ்த் தேரா ஆகிய மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் புதையுண்டனர். பயணிகள் மூவரும் உயிரோடு இறங்கினர்.

கூலிக்கு உயிரைப் பணயம் வைப்பவனின் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியின் நிழலிலேயே 1821இல் ஷமோனி வழிகாட்டிகள் சங்கம் பிறந்தது. பயணிகளைப் பகிர்ந்துகொள்ள முறைவரிசை வகுத்தார்கள். விபத்தில் சிக்கியவர் குடும்பங்களுக்கென ஒரு பொது நிதி வைத்தார்கள். அன்று அவ்வூர் சார்டீனிய அரசின் கீழ் இருந்தது; ஈராண்டில் அரசும் விதிமுறைகளுக்கு ஒப்புதல் தந்தது. உலகின் மிகப் பழைய வழிகாட்டிகள் சங்கமாகக் கருதப்படும் அது இன்றும் இயங்குகிறது. முதன்முறையாகப் பனியில் கால் வைப்போருக்கான ஒருநாள் பயிற்சிகளையும் நடத்துகிறது.

1851இல் ஆல்பர்ட் ஸ்மித் என்ற ஆங்கில எழுத்தாளர் மூன்று துணைவர்களோடும் 16 வழிகாட்டிகளோடும் ஏறினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட மதுப்புட்டிகளும் உடன் ஏறின. சுமந்தவர்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டு முதல் லண்டனில் அவர் நடத்திய காட்சிச் சொற்பொழிவு ஆறாண்டுகள் ஓடியது. அதைக் கண்டு ஆசை கொண்டவர்கள் ஷமோனிக்குத் திரண்டனர்.

பனியாறுகள் நகரும் வேகத்தை ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் ஃபோர்ப்ஸ், 1820இல் புதைந்தவர்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் கீழே வெளிப்படுவர் என்று கணித்திருந்தார். 1861இல் பொஸோன் பனியாற்றின் அடியில் உடற்பகுதிகளும் உடைமைகளும் தென்பட்டன. அன்றைய பயணத்தில் உயிர் பிழைத்த வழிகாட்டி கூத்தே அப்போது கிழவர். பனிக்குள் சிதையாதிருந்த கையொன்றை அவரிடம் காட்டினார்கள். அது தம் தோழர் பல்மாவின் கை என்று அவர் அடையாளம் கண்டு, அதைப் பற்றிக்கொண்டாராம்.