குறட்டையை அலட்சியம் செய்யாதீர்கள்: நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய்

குறட்டை விட்டு உறங்குபவரைப் பார்த்து ‘நல்ல நித்திரை’ என்று சொல்வது எமது வழக்கம். பலத்த குறட்டை நல்ல நித்திரையின் அடையாளம் அல்ல. குறட்டை திடீரென நின்று, சில வினாடிகள் அமைதியாகி, பின்னர் திணறலோடு மறுபடியும் தொடங்குமானால், அது ‘சிலீப் அப்னியா’ எனப்படும் மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். நாம் வைத்தியர் அல்லர், இந்நோயோடு வாழ்பவர். பிரித்தானியாவில் உள்ள எமது குடும்பங்களுக்கு உதவும் என்று, அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

என்ன நடக்கிறது?

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் பின்னே சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். நெஞ்சு மூச்செடுக்க முயலும்; காற்று உள்ளே போகாது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை பதறி எம்மை ஒரு கணம் எழுப்பிவிடும். காலையில் அது எதுவும் நினைவில் இராது.

மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ தடைப்படுவதும், வெகுவாகக் குறைவதும் கணக்கில் எடுக்கப்படும். மணிக்கு 5 முதல் 14 தடவை என்றால் இலேசானது; 15 முதல் 29 வரை நடுத்தரம்; 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை.

அறிகுறிகள்

எட்டு மணிநேரம் படுத்தும் களைப்பு, காலைத் தலையிடி, வாய் வறட்சி, இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், மறதி, எரிச்சல், பகலில் கண் சொருகுதல் ஆகியன முக்கியமானவை. எமக்குக் கணக்கேட்டில் இலக்கங்கள் இடம்மாறி விழத் தொடங்கியபோது வயது போகிறது என்றே நினைத்தோம். இரவில் மூச்சு நிற்பதைக் கண்டு பயந்து எழுப்பியவர் மனைவிதான். கவனியாமல் விட்டால் உயர் குருதி அழுத்தம், இதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடும்.

யாருக்கு வரும்?

உடற்பருமன், தடித்த கழுத்து, சிறிய அல்லது உள்வாங்கிய தாடை உள்ளவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்ப்பு அதிகம். மதுவும் நித்திரைக் குளிசையும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். ‘நான் குண்டில்லையே’ என்று ஆறுதல் கொள்ள முடியாது. மெல்லியவர்களுக்கும் இந்நோய் வரும். அத்தோடு, தென்னாசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்றுதான் இங்கு கணிக்கிறார்கள்.

எமது சமூகத்தில் இது மறைந்து கிடப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. போரைக் கண்டு வந்தவர்கள் நித்திரைக் குழப்பம் எல்லாவற்றையும் பழைய நினைவுகளின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இரவு வேலை செய்பவர்கள் களைப்பை வேலையின் தலையில் போடுகிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவற்றோடு இந்நோயும் சேர்ந்திருக்கலாம். தனியாக வாழ்பவர்களுக்கோ பார்த்துச் சொல்லவே ஆளில்லை. அவர்கள் கைத்தொலைபேசியில் தமது நித்திரையின் ஒலியைப் பதிவுசெய்து வைத்தியருக்குப் போட்டுக் காட்டலாம்.

பரிசோதனை

முதலில் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். எப்வர்த் என்ற 8 கேள்விகள் கொண்ட படிவத்தில் பகல் தூக்கத்துக்குப் புள்ளி இடுவார்கள். 24இல் 10க்கு மேல் என்றால் அது வழமைக்கு மாறான தூக்கம். பின்னர் நித்திரைச் சிகிச்சைப் பிரிவு தரும் சிறு கருவியை ஓரிரவு வீட்டிலேயே அணிந்து உறங்க வேண்டும். மொழி சிக்கலென்றால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வேண்டியதில்லை.

சிகிச்சை

நடுத்தரமான, கடுமையான நோய்க்கு முதன்மைச் சிகிச்சை ‘சீபாப்’ இயந்திரம். முகமூடி வழியாகக் காற்றை இலேசான அழுத்தத்தில் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கும். அவுஸ்திரேலியரான கொலின் சலிவன் 1981இல் இதை வெளியிட்டார். தேசிய சுகாதார சேவை இதனை இலவசமாகக் கடனாகத் தருகிறது. முதல் வாரங்கள் கடினம். முகமூடி பொருந்தாவிட்டால் அலுமாரியில் வைத்துவிடாமல் வேறு அளவு கேளுங்கள். முகமூடியைத் தினமும் கழுவுங்கள். ஊர்ப் பயணத்திலும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். சத்திரசிகிச்சை என்றால் மயக்க மருந்து வைத்தியரிடம் இந்நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்.

இலேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னே தள்ளும் பற்கருவி உதவலாம். எடையைக் குறைத்தல், சரிந்து படுத்தல், மாலையில் மதுவைத் தவிர்த்தல் எல்லோருக்கும் நல்லது.

வாகனம் ஓட்டுபவர்களுக்கு

அனுமதிப்பத்திரம் போய்விடும் என்ற பயத்தில் பலர் நோயை மறைக்கிறார்கள். வாகனம் ஓட்டுவதைப் பாதிக்கும் தூக்கம் இருந்தால் உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். அத்தகைய தூக்கத்தோடு கூடிய நோய் நடுத்தரமோ கடுமையோ என்று உறுதியானால் டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் 1,000 பவுண் வரை தண்டம். ஆனால் சிகிச்சையால் தூக்கம் கட்டுப்பட்டதும் மீண்டும் ஓட்ட இடமுண்டு. மறைப்பவர்தான் உழைப்பையும் உயிரையும் சேர்த்து இழக்கக்கூடியவர்; வீதியில் எதிரே வருபவரின் உயிரும் அதில் அடக்கம்.

இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டை விடுபவரின் பக்கத்தில் ஐந்து நிமிடம் விழித்திருந்து கேளுங்கள். சத்தத்தை அல்ல, இடையில் வரும் அமைதியைக் கவனியுங்கள்.