திரிகைக் கல்லும் மடாதிபதியும்

பழைய ஆலையொன்றைப் புதுப்பிப்போர் முதலிற் சக்கரத்தைப் பார்ப்பர். பின்னர்க் கல்லைப் பார்ப்பர். அந்தக் கல் எவருக்காகச் சுழன்றது என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. இங்கிலாந்தின் ஹேட்போட்ஷயரில், வேர் என்னும் சிற்றாற்றின் கரையிலுள்ள ரெட்போண்பரி நீராலையை முன்வைத்து இவ்வினாவை நாம் எழுப்பலாம்.

ஆற்றுநீர் சக்கரத்தைச் சுழற்ற, பற்சக்கரங்கள் வழியாக அவ்விசை மேற்கல்லைச் சேரும். கீழ்க்கல் அசையாது கிடக்கும். இரண்டுக்குமிடையில் தானியம் மாவாகும். கையின் உழைப்பை ஆறு ஏற்றுக்கொண்டமை மனிதகுலத்தின் பெருமுன்னேற்றங்களுள் ஒன்று. 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் எடுப்பித்த நிலப்பதிவிலே 5,000க்கு மேற்பட்ட ஆலைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால், முன்னேற்றத்தின் பயன் எவரைச் சென்றடைந்தது? அணையும் வாய்க்காலும் ஆலையும் நிலப்பிரபுவின் உடைமைகள். தன் குடிகள் தன் ஆலையிலேயே அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கைக் கூலியாக விட்டுச்செல்ல வேண்டும் என அவன் விதித்தான். வீட்டுத் திரிகை குற்றப்பொருளாயிற்று.

ரெட்போண்பரி ஆலை சென் ஆல்பன்ஸ் துறவிமடத்துக்கு உரியதாயிருந்தது. மடத்தைச் சூழ்ந்து வாழ்ந்த நகரமக்கள் ஆலை விதிக்கு அடங்கவில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே வழக்காடினர், தோற்றனர், மீண்டும் வீட்டிலே அரைத்தனர். 1331ஆம் ஆண்டளவில் மடாதிபதி வாலிங்போட் றிச்சர்ட் அவர்களின் திரிகைகளைப் பறித்து, அக்கற்களை மடத்தின் கூடமொன்றுக்குத் தளமாகப் பதிப்பித்தார். இவர் வானியலில் வல்லவர். பற்சக்கரங்களாலான அரிய வானியற் கடிகாரமொன்றை வகுத்தவர். சக்கரத்தின் நுட்பமறிந்த அறிஞரே ஏழை வீட்டுக் கல்லைக் காலடியிற் பரப்பினார். அறிவு ஆளும் வர்க்கத்தின் கையில் எவ்வாறு தொழிற்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஐம்பது ஆண்டுகள் துறவியர் அக்கற்கள்மீது நடந்தனர். 1381ஆம் ஆண்டில் உழவர் பேரெழுச்சி மூண்டபோது, வில்லியம் கிறைண்ட்கொப் தலைமையில் நகரமக்கள் மடத்தினுட் புகுந்தனர். தளத்தைப் பெயர்த்து, கற்களை உடைத்து, துண்டுகளைத் தம்முள் பகிர்ந்துகொண்டனர். தேவாலயத்தில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பகிர்வதுபோல அது நிகழ்ந்ததாக அம்மடத்துத் துறவியான தோமஸ் வால்சிங்ஹாம் பதிவுசெய்தார். எழுச்சியை வெறுத்தவரின் எழுத்தே அதற்குச் சாட்சியாயிற்று. எழுச்சி நசுக்கப்பட்டது, கிறைண்ட்கொப் தூக்கிலிடப்பட்டார், மக்கள் பெற்ற உரிமைப் பத்திரங்கள் செல்லாதனவாயின.

கைத்திரிகையை நிலப்பிரபுத்துவ சமுதாயத்தின் கருவியாக 1847இல் கார்ல் மார்க்ஸ் சுட்டினார். சென் ஆல்பன்ஸிலோ நீராலை பிரபுவின் கருவியாயும் திரிகை குடிகளின் கருவியாயும் நின்றன. நாஜிகளாற் கொல்லப்பட்ட பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளொக், நீராலை பற்றி 1935இல் எழுதிய கட்டுரையில் இப்போராட்டத்தை எடுத்துக்காட்டினார். கருவியை மட்டும் கொண்டு சமுதாயத்தை அளந்துவிட முடியாது. அதன் உடைமை எவரிடம் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

1539இல் மடம் கலைக்கப்பட்டது; ஆலை நிலைத்தது. இன்றுள்ள கட்டடம் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டினது. 1987இல் அது தீக்கிரையாயிற்று. உழைப்பாலும் பொறுமையாலும் கட்டடமும் பொறிகளும் மீட்கப்பட்டன; கற்கள் மீண்டும் மா அரைத்தன. குடிநீருக்காக நிலத்தடி நீர் இறைக்கப்பட்டதால் வேர் ஆற்றின் ஓட்டம் மெலிந்தது. ஆலைக்கு எந்திரமும் துணைநிற்க வேண்டியதாயிற்று.

அம்மியைப் பொளிவதுபோல ஆலைக்கல்லின் தேய்ந்த வரிகளையும் காலந்தோறும் கொத்திக் கூர்மையாக்க வேண்டும். இல்லையேல் கல் சுழலும், மா விழாது. மரத்தையும் இரும்பையும் மீட்ட கைகளை நாம் போற்றுவோம். அத்துடன், கல் பறிகொடுத்தோரின் வரலாற்றையும் நம் மாணவர்க்குக் கற்பிப்போம். அப்பொழுதே புதுப்பித்தல் முழுமைபெறும்.