வைத்தியரும் வழித்தூரமும்

மருத்துவமனை ஒன்று எழுப்பிவிட்டால் நோயாளிகள் தாமே வந்து சேர்வார்கள் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஆஸ்திரேலிய உட்பகுதியின் சரித்திரம் வேறு விதமாய்ச் சொல்லுகிறது.

1917-ம் ஆண்டு, குதிரையினின்று விழுந்து படுகாயமுற்ற ஜிம்மி டார்சி என்னும் மாட்டுப்பண்ணை வாலிபரை 12 மணி நேரம் வண்டியில் ஏற்றி ஹால்ஸ் கிரீக் என்னும் சிற்றூருக்குக் கொண்டுவந்தனர். அங்கே வைத்தியர் இல்லை. முதலுதவி மட்டுமே கற்றிருந்த தபால் அதிகாரி டக்கெட், ஆயிரம் மைலுக்கு அப்பால் பெர்த் நகரிலிருந்து டாக்டர் ஹாலண்டு தந்தியில் சொல்லச் சொல்ல, பேனாக்கத்தியால் அறுவைச் சிகிச்சை செய்தார். வைத்தியரின் அறிவு கம்பி வழியே நொடியில் வந்துவிட்டது. அவர் கைகள் வர வேண்டுமே! கப்பலிலும் மோட்டாரிலும் பல நாள் பயணப்பட்டு ஹாலண்டு வந்து சேர்ந்தபோது, டார்சி முந்தின நாளே மரித்திருந்தார்.

பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர் ஜான் ஃபிளின் (பிரிந்த சகோதரராயினும் நாம் நன்றியோடு நினைக்கத்தக்கவர்) அவ்வனாந்தரப் பகுதிகளில் சிறு மருத்துவ விடுதிகளை ஏற்கெனவே நிறுவியிருந்தார். தொலைவிலுள்ளோர் அவற்றை வந்தடையவே வழியில்லை. எனவே வைத்தியரை ஆகாய மார்க்கமாய் அனுப்பத் துணிந்தார். 1928 மே 17-ல் முதல் வைத்திய விமானம் குளோன்கரியிலிருந்து ஜூலியா கிரீக்குக்குப் பறந்தது.

விமானம் உண்டு, அதை அழைப்பது எப்படி? மின்சாரமோ தொலைபேசியோ இல்லாத பண்ணைகள் அவை. டிரேகர் என்பார், சைக்கிளைப்போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியைச் செய்தார். 1929 முதல் அது பண்ணை வீடுகளுக்கு வந்தது. அதன் பின்னரே, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தாய் வைத்தியரைத் தானே கூப்பிட முடிந்தது.