சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் திருச்சிக்கும் இடையே: தூரமும் நேரமும்

கட்டுநாயக்க, திருச்சிராப்பள்ளி விமான நிலையங்களுக்கு இடையிலான பெருவட்டத் தூரம், அதாவது பூமியின் வளைவையொட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய வழி, ஏறத்தாழ 420 கிலோமீட்டர். விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்தில் நிற்பது வரையிலான நேரத்தையே அட்டவணைகள் பயண நேரமாகக் கொள்வதால், இவ்வழி சுமார் ஒரு மணிநேரமெனக் கணக்கிடப்படுகிறது. சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இறப்பரும் தேயிலையும் வளர்த்த தமிழர்களில் பலருடைய முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதால், இத்தூரம் அவர்களுடைய வரலாற்றின் அளவுகோலும் ஆகிறது.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் இருப்புப்பாதையும் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு உள்ள சுமார் 35 கிலோமீட்டர் கடலை நீராவிக் கப்பல் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் கடந்தது. ஆயினும் கங்காணி, அதாவது ஆட்களைத் திரட்டி வந்து தோட்டத்தில் மேற்பார்த்தவர், அழைத்துவந்த குடும்பங்கள் அக்கடலை எட்டுமுன் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டன. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் அணிந்தே பலர் வந்தனர். வழிச்செலவோ நெடுங்காலம் அவர்கள் பெயரிலேயே கடனாக ஏறியது. அக்கடனைக் குறித்து, தொழிலாளி தோட்டம் மாறும்போது கூடவே சென்ற 'துண்டு' என்ற சீட்டு 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கப்பல் கடந்த இரண்டு மணிநேரத்தை அடைக்க ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது என்பதே இப்பயணத்தின் உண்மையான கணக்கு.

தலைமன்னாரிலிருந்து வந்த கோச்சியில் (மலையகத் தமிழர் ரயிலைக் குறிக்கும் சொல்) கேகாலைப் பகுதிக்குச் செல்வோர் பொல்காவலைச் சந்தியில் இறங்க இயன்றது. இரத்தினபுரிக்குச் செல்வோர்க்குக் கொழும்பிலிருந்து களனிவெளிப் பாதை இருந்தது. இரண்டரை அடி அகலமே கொண்ட இக்குறுகிய பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓபநாயக்கவையும் எட்டியது.

வான்வழி இம்மக்களுக்காகத் திறந்ததன்று. இரத்மலானை விமான நிலையம் 1935இல் இயங்கத் தொடங்கியது. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் விமானம் அங்கிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதற்கடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. ஏற்கெனவே 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்திருந்தது. இவ்வாறு வானத்தில் தூரம் குறைந்த அதே காலத்தில், கடவுச்சீட்டு பெறும் உரிமையே இல்லாதவர்களுக்கு அது கடக்கவியலாததாக நீண்டது. இந்த முரணைக் கருதாமல் எழுதப்படும் போக்குவரத்து வரலாறு முழுமை பெறாது.

1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின், தாயகம் திரும்பியோர் இராமேசுவரம் வழியாகவே கப்பலில் சென்றனர். 1984இல் அக்கப்பலும் நின்றது. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவிசாவளைக்கு அப்பாலிருந்த களனிவெளிப் பாதை 1976இல் மூடப்பட்டுவிட்டதால், இறக்குவானை, பலாங்கொடைத் தோட்டங்களிலிருந்து திருச்சி உறவினரைக் காணப் புறப்படுவோர் இன்று கட்டுநாயக்கவரை நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் செல்கின்றனர். அதற்கு ஆகும் நேரம் விமானம் கடலைக் கடக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு கூடுதல்.