‘அது டெக்னிக்கல் விஷயம் தம்பி’: எழுத்து விளையாட்டுகளில் நடந்த ஒரு நீண்ட சண்டை

போன வருசம் ஒரு எழுத்து விளையாட்டில் சேர்ந்தேன். படம் இல்லை, சத்தம் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். ‘நீ ஒரு காட்டின் ஓரத்தில் நிற்கிறாய், வடக்கே ஒரு பாதை போகிறது’ என்று ஆங்கிலத்தில் வரும். ‘வடக்கு’ என்று தட்டினால் அடுத்த இடம். உன்னோடு அதே காட்டில் வேறு நாட்டு ஆட்களும் நிற்பார்கள், கதைக்கலாம், சேர்ந்து சண்டைக்குப் போகலாம். மழை பிடித்தால் எங்கட வீட்டில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். அந்த ஒரு கோட்டிலும் ஓடுற விளையாட்டு இது ஒண்டுதான். அதாலதான் உள்ளே போனேன், வேற பெரிய காரணம் ஒண்டும் இல்லை.

முதலில் பெயர் கேட்டது. ‘கந்தளாய்’ என்று தமிழில் தட்டினேன். ‘தயவுசெய்து எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்’ என்று பதில் வந்தது.

நான் தட்டினது எழுத்து இல்லாமல் வேற என்ன?

இந்த மாதிரி விளையாட்டுகள் பலவற்றில் ‘ஐடியா’ என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டி, பின்னால் உன் யோசனையை எழுதினால் அது சேர்வரில் ஒரு கோப்பில் போய்ச் சேரும். பிழை கண்டால் ‘பக்’, எழுத்துப்பிழை கண்டால் ‘டைப்போ’. நிர்வாகிகள் நேரம் கிடைக்கும்போது வாசிப்பார்கள். நான் ‘ஐடியா’ போட்டேன்: வேறு மொழி எழுத்திலும் பெயர் வைக்க விடுங்கள். 2 நாள் கழித்து ஒரு நிர்வாகி மரியாதையாகப் பதில் சொன்னார். இது பழைய புரோகிராம், தொழில்நுட்பப் பிரச்சினை, செய்ய முடியாது. நான் விடவில்லை. அவரும் விடவில்லை. நடுவில் மற்ற விளையாட்டுக்காரரும் புகுந்தார்கள். ‘உன் பெயரை எங்கட கீபோர்டில் தட்ட முடியாதே, உன்னோடு எப்படிக் கதைக்கிறது?’ என்று ஒருத்தர் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆனால் அது தொழில்நுட்பக் கேள்வி இல்லை.

ஒரு கிழமை சண்டை பிடித்துக் களைத்த பிறகுதான் இதன் பழைய கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நாங்கள் பிடித்தது புதுச் சண்டை இல்லை. இந்த விளையாட்டு பிறந்து கொஞ்சக் காலத்திலேயே சண்டையும் பிறந்திருக்கிறது.

இந்த வகையின் மூத்த பிள்ளை ‘மட்’. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இன்னொரு மாணவர் அதை வளர்த்தெடுத்தார். புள்ளி சேர்த்து உச்சிக்குப் போனால் நீ ‘மந்திரவாதி’. மந்திரவாதிக்கு மற்றவர்களுக்கு இல்லாத அதிகாரங்கள் உண்டு. அதாவது விளையாடி வென்றவர்தான் நிர்வாகியும். இதிலிருந்து குட்டிகள் பல பிறந்தன. 1987இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் அலன் கொக்ஸ் எழுதினது ஒன்று (பிறகு லினக்ஸில் பெயர் எடுத்த அதே ஆள்). 1989இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் ‘டைனிமட்’ எழுதினார். அதில் புள்ளியும் இல்லை, வெல்லுறதும் இல்லை. சனம் இருந்து கதைத்தது, தங்களுக்கு வீடு கட்டிக்கொண்டது. 1991இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஐந்து பேர் சேர்ந்து வெளியிட்ட ‘டிக்குமட்’ அடிபிடிப் பக்கம் போனது. நான் விளையாடுறது இந்தக் கடைசிக் குடும்பத்தில் வந்த ஒரு பேரப்பிள்ளை.

1989 நவம்பரிலிருந்து 1990 மே வரை, பார்ட்டிலின் அடுத்த விளையாட்டில் மந்திரவாதிகளுக்கு இடையில் ஒரு நீண்ட வாக்குவாதம் நடந்தது. கேள்வி இதுதான்: சனம் இந்த விளையாட்டில் எதை எதிர்பார்க்குது? ஏறக்குறைய 30 பேர் கதைத்தார்கள், ஒத்துப்போகவில்லை. பார்ட்டில் அதையெல்லாம் வைத்துக்கொண்டு யோசித்து, 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். விளையாட வருகிறவர்கள் நாலு விதம். சாதிக்க வருகிறவர்கள், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், ஆட்களோடு பழக வருகிறவர்கள், மற்றவனைப் போட்டுத் தள்ள வருகிறவர்கள். காட்ஸ் கூட்டத்தில் இருக்கிற டயமண்ட், ஸ்பேட், ஹார்ட், கிளப் என்று அவர்களுக்குப் பெயரும் வைத்தார். 304 விளையாடுற ஆட்களுக்கு இது சட்டென்று மனதில் நிற்கும்.

நாலு வகை என்ற பட்டியலைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்லுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அந்தக் கட்டுரையின் மற்றப் பாதி. ஒரு வகையை வளர்த்தால் மற்ற வகை குறையும் என்கிறார் அவர். கொல்லுறவர்களுக்கு வசதி கூடினால் கதைக்க வந்தவர்கள் ஓடிப்போவார்கள். கதைக்கிற வசதிகளைக் கூட்டினால் விளையாட்டு மெல்ல மெல்லத் தேநீர்க் கடை ஆகும். ஆக, ‘இந்தக் கட்டளையைச் சேருங்கள்’ என்று கேட்கிற ஆள், தனக்குத் தெரியாமலே, இங்கே ஆர் இருக்கவேணும், ஆர் போகவேணும் என்று கேட்கிறார். நிர்வாகி மறுக்கும்போது அவரும் அதைத்தான் தீர்மானிக்கிறார்.

இதை முழுசாகக் காட்டினது ‘லாம்டாமூ’. அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேணும்.

கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த பாவெல் கேர்ட்டிஸ் 1990இல் இதைத் தொடங்கினார். தன்னுடைய வீட்டையே மாதிரியாக வைத்து இடங்களை எழுதினார். கோட்டுகள் தொங்குகிற ஒரு இருட்டு அலுமாரிக்குள்தான் நீ முதலில் கண் விழிப்பாய். கதவைத் திறந்தால் வரவேற்பறை, அதில் ஒரு கிளி. அடிபிடி இல்லை, புள்ளி இல்லை. ஆனால் வந்தவர் ஆரும் புரோகிராம் எழுதி, புது அறை, புதுப் பொருள், புதுக் கட்டளை செய்யலாம். ஆயிரக்கணக்கில் சனம் சேர்ந்தது. சேர்ந்ததும் சண்டையும் சேர்ந்தது. அவன் என்னைத் திட்டினான், இவள் என் பொருளைக் களவெடுத்தாள், எனக்குக் கட்டுவதற்கு இடம் போதாது என்று எல்லாம் மந்திரவாதிகளிடம்தான் போகும். அவர்கள் சம்பளம் வாங்காத ஆட்கள். தங்கட சொந்த நேரத்தில் வந்து இந்த வழக்குகளைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

1992 டிசம்பரில் கேர்ட்டிஸ் ஒரு அறிவித்தல் போட்டார். சனம் வளர்ந்துவிட்டது, இனிமேல் மந்திரவாதிகள் மெஷினை மட்டும்தான் பார்ப்பார்கள், ஆருடைய வழக்கிலும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள் என்பது அதன் சாரம். வாசிக்க நல்ல ஜனநாயகம் மாதிரித்தான் இருக்கு.

ஏறக்குறைய 3 மாதம்தான் போயிருக்கும். 1993 மார்ச்சில் ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் ஒருத்தன் அதே வரவேற்பறைக்கு வந்தான். அவனிடம் ஒரு ‘பொம்மை’ இருந்தது. மற்றவர்களுடைய பாத்திரங்கள் செய்யாததைச் செய்ததாகத் திரையில் எழுதிக் காட்டுகிற ஒரு புரோகிராம் அது. அதை வைத்து, அங்கே இருந்தவர்கள் மேல் பாலியல் வன்முறையை எழுத்தில் நடத்தினான். எழுத்துதானே என்று சொல்லலாம். அந்த எழுத்தைத் தவிர வேறு உடம்பு இல்லாத இடம் அது என்பதையும் சொல்லவேணும். ஜூலியன் டிபல் என்ற பத்திரிகையாளர் அந்த வருச டிசம்பரில் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் இதை எழுதியபோதுதான் வெளியுலகத்துக்கு விசயம் தெரியவந்தது.

அவனை அழிக்கச் சொல்லிச் சனம் கேட்டது. அழிக்கிற கட்டளை மந்திரவாதிகளின் கையில். அவர்களோ ‘நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள். பெரிய கூட்டம் ஒன்று கூடி மணிக்கணக்காகக் கதைத்தார்கள், முடிவு வரவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் அதிகம் வாய் திறக்காமல் இருந்த ஒரு மந்திரவாதி, பிறகு தனியாக இருந்து யோசித்து, தானே கட்டளையைத் தட்டினார். பங்கிள் இல்லாமல் போனான். சரியானதுதான் என்று பலர் சொன்னார்கள். ஆனால் ஒரு ஆள், ஒரு இரவு, ஒரு கட்டளை. அறிவித்தலும் அதோடு போனது.

வெளியூரில் இருந்து திரும்பி வந்த கேர்ட்டிஸ் இதற்கு ஒரு வழி செய்தார். அதுதான் மனு முறை. ஒரு மாற்றம் வேணும் என்றால் மனு எழுது. 10 பேர் கையெழுத்து வைத்தால் மந்திரவாதிகள் பரிசீலிப்பார்கள். செய்யக்கூடியது என்று சொன்னால் மேலும் கையெழுத்துச் சேர்த்து வாக்கெடுப்புக்குப் போகலாம். ஆதரவு எதிர்ப்பைப்போல் 2 மடங்கு இருந்தால் மந்திரவாதிகள் அதைச் செய்து தரவேணும். தொல்லை தருகிற விருந்தாளிகளை வெளியே அனுப்புகிற கட்டளை, பிணக்குகளை விசாரிக்கிற நடுவர் முறை எல்லாம் இந்தக் காலத்தில் வந்தவை.

ஓட்டை எங்கே என்று கவனித்தீர்களா? ‘செய்யக்கூடியது’ என்று சொல்கிறவர் ஆர்? மந்திரவாதி. ஒரு மனு தெளிவில்லை, சேர்வருக்குப் பாதுகாப்பில்லை என்று அவர் சொன்னால் அது வாக்கெடுப்புக்கே போகாது. சேர்வர் இழுபடுகிறது என்று வையுங்கள். அது சுத்தமான தொழில்நுட்பப் பிரச்சினைதான். தீர்க்க என்ன வழி? புது ஆட்களைக் காத்திருக்க வைக்கலாம், அல்லது பழைய ஆட்கள் கட்டுற அளவைக் குறைக்கலாம். ஆருடைய தலையில் கை வைப்பது என்று மெஷின் சொல்லாது.

1996 மே மாதம் மந்திரவாதிகள் அடுத்த அறிவித்தலைப் போட்டார்கள். தொழில்நுட்பம் வேறு, சமூகம் வேறு என்று பிரித்த கோடு நிற்கவில்லை. இவ்வளவு நாளும் நாங்கள் சமூக முடிவுகளையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். இனி அதை ஒளிக்காமல் எடுப்போம். ஏறக்குறைய இதுதான் அவர்கள் சொன்னது. சிலருக்கு இது சதிப்புரட்சி. எனக்கென்றால், முதலாவது அறிவித்தலைவிட இரண்டாவது நேர்மையாகத்தான் தெரியுது. அதிகாரம் கையில் இருக்கும்போது ‘நான் வெறும் மெக்கானிக்’ என்று சொல்லுற ஆளோடு வாதாட முடியாது. ‘நான்தான் முடிவெடுத்தேன்’ என்று சொல்லுற ஆளோடு வாதாடலாம்.

இதை வாசிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது எங்கட குளம்.

கந்தளாய்க் குளத்தைக் கட்டினது குளக்கோட்டன் என்று கோணேசர் கல்வெட்டு சொல்லும், இரண்டாம் அக்போ என்று சிங்கள வரலாறு சொல்லும். அந்தச் சண்டை இப்ப வேண்டாம். இன்றைக்கு இந்தத் தண்ணியில்தான் தம்பலகாமம் வரை வயல் விளையுது. ஒவ்வொரு போகத்துக்கும் முதல் ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். எந்தத் திகதியில் தண்ணி திறக்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கிறது, எப்ப பூட்டுறது என்று அங்கேதான் முடிவாகும். மாமாவோடு ஒரு சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கடைசி வாய்க்கால் காணிக்காரர் ஒருத்தர், இளம் ஆள், எழும்பி, ‘எங்கட பக்கத்துக்கு ஏன் இந்த முறை இல்லை?’ என்று கேட்டார். மேசையில் இருந்த ஒரு அதிகாரி சிரித்த முகத்தோடு சொன்னார்: ‘அது டெக்னிக்கல் விஷயம் தம்பி.’

குளத்தில் எத்தனை அடி தண்ணி நிக்குது என்பது டெக்னிக்கல். அதை வைத்து ஆருடைய வயலை விடுகிறது என்பது டெக்னிக்கல் இல்லை. நம்மட நாட்டு விவசாயிகளுக்கு இது நல்லாத் தெரியும். தண்ணி குறைந்த போகத்தில் குளத்துக்குக் கிட்ட இருக்கிற காணியை மட்டும் எல்லாருமாகப் பங்கிட்டு விதைக்கிற ‘பெத்ம’ என்ற முறை இருக்கு. தண்ணி கூடவில்லை, பங்கு மட்டும் மாறுது.

மறுபக்கத்தையும் சொல்லவேணும். 1986 ஏப்ரல் 20 அன்று இந்தக் குளத்தின் அணை உடைந்து 100க்கு மேற்பட்ட ஆட்கள் செத்தார்கள். அணை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கை உயர்த்தித் தீர்மானிக்க ஏலாது. லாம்டாமூ மந்திரவாதிகளும் சேர்வரைக் கவிழ்க்கக்கூடிய மனுக்களைத் தடுத்ததில் பிழையில்லை. டெக்னிக்கல் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கு. அதனால்தான் அந்தச் சொல் இவ்வளவு நல்ல ஒளிப்பிடமாகவும் இருக்கு.

என் பெயருக்கு வருகிறேன். ‘கந்தளாய்’ கண்ணுக்கு 5 எழுத்து. யுனிகோடில் 8 குறியீடு. சேர்வரில் வழக்கமான முறையில் சேமித்தால் 24 பைட். நான் விளையாடுறதில் பெயருக்கு இடம் 12. அதோடு அந்த புரோகிராமுக்கு ‘எழுத்து’ என்றால் ஏ முதல் இசெட் வரைதான். ஆக, நிர்வாகி சொன்னது பொய் இல்லை. வேலை இருக்கு, அதுவும் சம்பளம் இல்லாத வேலை. ஆனால் டிக்குமட் வந்த அதே 1991இல்தான் யுனிகோடின் முதல் பதிப்பும் வந்தது, அதில் தமிழும் இருந்தது. அதன் பிறகு 30 வருசத்துக்கு மேலே ஆட்கள் அந்தப் புரோகிராம் குடும்பத்தில் நிறம் சேர்த்தார்கள், வரைபடம் சேர்த்தார்கள், ஏலக்கடை சேர்த்தார்கள். எது முதலில் என்று ஆரோ ஒவ்வொரு முறையும் தெரிவு செய்திருக்கிறார்கள்.

இப்போதைக்கு அங்கே என் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கு. போன மாதம் இன்னொரு ‘ஐடியா’ போட்டேன். தமிழ்ப் பெயரை விடுங்கள். ‘எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்’ என்று வருகிற வரியை ‘ஆங்கில எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்’ என்று மாற்றுங்கள். ஒரு சொல்லுத்தான். அதுக்கு நிர்வாகி டெக்னிக்கல் காரணம் ஒண்டும் சொல்லேல்ல. ‘யோசிக்கிறேன்’ என்று மட்டும் எழுதினார். இன்னும் மாத்தேல்ல.