குட்டி டிராக்டரும் ஒரு யூனிட் மணலும்

ஃபரீதாபாத் என்றால் நம்மூர்க்காரர்களுக்கு தில்லிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஃபேக்டரி ஊர். நானும் வேலைக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இந்திய டிராக்டரின் கதையில் சில முக்கியமான அத்தியாயங்கள் இங்கேதான் நடந்திருக்கின்றன. இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர் என்று சொல்லப்படும் ஐஷர், 1959 ஏப்ரலில் இங்கிருந்து வெளியே வந்தது. எஸ்கார்ட்ஸ் போலந்து நாட்டு உர்சுஸ் நுட்பத்தில் டிராக்டர் செய்ததும், பிறகு 1971 முதல் ஃபோர்டு டிராக்டர் செய்ததும் இதே ஊர்தான். பக்கத்து பல்லப்கரில் 1979ல் ஜேசிபி வந்தது. அந்த மஞ்சள் வண்டிக்குத் தமிழில் ஜேசிபி என்பதைத் தவிர வேறு பெயரே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் இப்போது தோண்டக் காரணம், எங்கள் ஆபீசில் ஓய்வு பெற்ற ஒரு ஹரியானாக்காரர். நான் அவரை பாயி சாப் என்பேன். சோனா பக்கம் ஆரவல்லி மலையடிவாரத்தில் ஒரு நர்சரி வைத்திருக்கிறார். மணல், செம்மண், மக்கிய சாண எரு எல்லாம் லாரியில் வந்து கேட்டில் கொட்டப்படும். அங்கிருந்து மேலே 300 மீட்டர் சரிவில் ஏற்ற வேண்டும். இதுவரை இரண்டு ஆட்கள் தஸ்லாவில் (நம்ம ஊர் பாண்டுதான்) தலைச்சுமையாகவும் தள்ளுவண்டியிலும் ஏற்றினார்கள். ஒருவருக்கு முதுகு போய்விட்டது. ஓய்வூதியப் பணத்தில் ஒரு குட்டி டிராக்டர் வாங்கலாம் என்று முடிவு. என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "இருபது ஹெச்பி போதுமா?"

டிராக்டர் வாங்கும் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மண் சுமப்பதைப் பொறுத்தவரை இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. அதற்குச் சரித்திரமும் சாட்சி.

ஹாரி ஃபெர்குசன் என்ற வட அயர்லாந்துக்காரரிடமிருந்து தொடங்கலாம். அந்தக் காலத்து டிராக்டர்களில் கலப்பையைச் சும்மா பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு பாறையில் மாட்டினால் டிராக்டரின் மூக்கு தூக்கி, அப்படியே பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேல் விழும். நிறையப் பேர் செத்தார்கள். கவிழாமலிருக்க வண்டியைக் கனமாகச் செய்தார்கள். கனமான வண்டி மண்ணை இறுக்கியது, விலையும் ஏறியது. ஃபெர்குசன் வேறு வழி கண்டார். மூன்று கைகளால் கலப்பையை டிராக்டரோடு பிணைத்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கி, கலப்பையின் பளு பின்சக்கரத்தின் மேலேயே அமரும்படி செய்தார். லேசான வண்டி கனமான வண்டி போல மண்ணைக் கவ்வியது. இன்றைக்கு எந்த டிராக்டரின் பின்னால் போய்ப் பார்த்தாலும் இருப்பது அந்த மூன்று கைகள்தான்.

1938ல் ஹென்றி ஃபோர்டும் அவரும் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் போட்டார்கள். கிழவர் போனதும் பேரன் அதை முறித்தார். வழக்கு 1952ல் 92.5 லட்சம் டாலருக்கு முடிந்தது. (வாய்வார்த்தையில் நிலம் வாங்கும் உறவினர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.) இதற்கிடையே 1946ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவருடைய சாம்பல் நிற டிஇ20 வர ஆரம்பித்தது. ஏறக்குறைய ஒரு டன் எடைதான். பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

நமக்கு வேண்டிய விஷயம் அவருடைய டிரெய்லரில் இருக்கிறது. அதற்கு ஒரே அச்சு, அதுவும் நன்றாகப் பின்தள்ளி. அதனால் சுமையில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் இறங்கும். கொட்டுவதற்கும் டிராக்டரின் ஹைட்ராலிக்கே. நாலு சக்கர டிரெய்லரில் இந்த உதவி கிடையாது. அது தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு வெறுமனே இழுபடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு யூனிட் மணல் 100 கன அடி, சுமார் நாலரை டன். அதில் பாதிக்கு மேல் நாலு சக்கர டிரெய்லரில் ஏற்றினால் டிரெய்லரோடு மூன்று டன். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் அதைப் பிடித்து நிறுத்தவே 300 கிலோ இழுவை வேண்டும். மண் பாதையில் சக்கரம் உருள இன்னும் 150, 200 கிலோ. குட்டி டிராக்டரின் எடையோ முக்கால் டன்னைச் சுற்றி. பின்சக்கரத்தில் இருப்பது 500 கிலோ என்றாலும், உதிரி மண்ணில் அதில் பாதிதான் பிடிமானமாகக் கிடைக்கும், அதாவது 250. இஞ்சின் 20 ஹெச்பியாக இருந்தாலும் 40 ஆக இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும்.

ஏற்றத்தில் சுற்றினால் டீசல்தான் நஷ்டம். இறக்கம்தான் ஆபத்து. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், லேசான டிராக்டர் குறுக்கே திரும்பும். பாயி சாபின் பக்கத்துத் தோட்டத்தில் போன மழைக்காலத்தில் அப்படித் திரும்பி, ஓட்டிய பையனுக்குக் கால் போயிற்று. அதனால்தான் எனக்கு இது வெறும் சரித்திர ஆர்வமாகத் தோன்றவில்லை.

இந்தியாவில் சிறிய டிராக்டர் தேடியவர்களும் இதே எடைக் கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள்தான். துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரவியல் ஆராய்ச்சி நிலையத்தில் 1965 வாக்கில் ஒரு 20 ஹெச்பி வண்டியை வெளிநாட்டுக் கூட்டு இல்லாமலே வடிவமைக்கத் தொடங்கினார்கள். அதுதான் ஸ்வராஜ். 1974ல் மொஹாலியில் உற்பத்தி தொடங்கியபோது அது 26 ஹெச்பி வண்டியாகியிருந்தது. நம் விவசாயி உழவுக்கு மட்டுமா டிராக்டர் வாங்குகிறான்? கரும்பு, செங்கல், கல்யாணக் கூட்டம் எல்லாம் அதில்தான். 20 ஹெச்பி வண்டி நாலு வருஷம் கழித்துத்தான் வந்தது. பிஞ்ஜோரில் ஹெச்எம்டி 1971ல் ஸெட்டர் கூட்டில் கொண்டுவந்ததும் 25 ஹெச்பிதான். 2016ல் அந்தப் பிரிவை மூட அரசு முடிவெடுத்துவிட்டது.

பெங்களூர் விஎஸ்டி, மிட்சுபிஷி துணையோடு பவர் டில்லரும் நாலு சக்கரமும் இழுக்கும் குட்டி டிராக்டரும் செய்தது. குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி 1994ல் என்ஃபீல்டு புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் களையெடுக்கும் கருவியைப் பூட்டினார். அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த வண்டி. மணல் சுமக்க ஆகாது.

ஜேசிபியின் ஆரம்பமும் ஒரு டிரெய்லர்தான். 1945ல் ஜோசப் பாம்ஃபோர்டு ஒரு வாடகை கராஜில், போரில் மிஞ்சிய இரும்பை வெல்டு செய்து ஒரு டிப்பர் டிரெய்லர் செய்தார். 45 பவுண்டுக்கும் வாங்கியவரின் பழைய வண்டிக்கும் விற்று, அந்தப் பழைய வண்டியைச் சரிசெய்து இன்னொரு 45 பவுண்டுக்குத் தள்ளினார். மார்வாடி தோற்றார்!

பாயி சாபுக்கு முதலில் பழைய ஒற்றை சிலிண்டர் ஐஷர் ஒன்றைச் சொன்னேன். ஒன்றரை டன்னுக்கு மேல் எடை, சரிவில் பயமில்லை. (ஐஷர் டிராக்டர் தொழிலை 2005ல் வாங்கியது நம்ம சென்னை டாஃபே என்று கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.) அவர் பேசாமல் டேப்பை எடுத்துச் செடி வரிசைகளுக்கு நடுவே அளந்து காட்டினார். நாலடி. ஐஷர் நுழையாது.

ஆக, நாலு சக்கரமும் இழுக்கும் குட்டி டிராக்டர்தான். ஆனால் ஒற்றை அச்சு டிப்பர், நடைக்கு ஒரு டன் மட்டும். ஒரு யூனிட்டுக்கு ஐந்து நடை, ஆகட்டும். இறங்கும்போது நியூட்ரல் கூடாது, முதல் கியர்தான். டிரெய்லர் தளம் ஆறுக்கு நாலடி. ஈர மணலில் ஒரு டன் என்பது அதில் ஒன்பது அங்குல உயரம்தான் வரும். வெல்டரிடம் பக்கத் தகட்டை ஒன்பது அங்குலத்தோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். எரு ஏற்றும்போது மேலே செருகிக்கொள்ள மரப்பலகை தனியாக. மணல் வரும் நாளில் அந்தப் பலகைகள் பாயி சாபின் வீட்டுக்குள் பூட்டி இருக்கும்.