கண்காட்சிக் கூட்டமும் அக்டோபர் 3-உம்: காற்றாலை முதலீட்டைப் படிக்கும் முறை பற்றி

பசுமைத் தொழில்நுட்பக் கண்காட்சிகளை ஆராய்வோரிடம் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. அரங்குகளை எண்ணுகிறார்கள், வந்துபோனவர்களை எண்ணுகிறார்கள், புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் தொகையைக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை ஏறியிருந்தால், பருவநிலை மாற்றத்துக்குத் தொழில்துறை முகங்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. நூற்பாலைகள் காற்றாலை நட்டதெல்லாம் வரியை மிச்சம் பிடிக்கத்தான், மற்றதெல்லாம் மேடைப் பேச்சு என்பது அத்தரப்பின் முடிவு. முதல் தரப்பு தனக்கு வேண்டிய சான்றைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது தரப்பு பார்த்தது, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 32ஆம் பிரிவுக்குக் கீழே வந்த ஒரு வரம்புரையே அந்தச் சான்று. காற்றாலைக்கு விரைவுத் தேய்மானம் 80 விழுக்காடாக இருந்த காலத்தைப் பற்றியே பேசுகிறேன். வாங்கிய ஆண்டில் இயந்திரம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால், அந்த ஆண்டில் பாதித் தேய்மானம் மட்டுமே கிடைக்கும். சாதாரண ஆண்டில் மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 180ஆவது நாள் அக்டோபர் 3. இந்தத் தேதியை ஆடிட்டர்கள் அறிவார்கள். ஆய்வாளர்கள்தான் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

கணக்கு வசதிக்காக ஒரு காற்றாலை 6 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 3க்குள் இயங்கத் தொடங்கினால் முதலாண்டிலேயே 4.80 கோடியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மார்ச் 31 அன்று தொடங்கினால் 2.40 கோடிதான். மீதி ஒழிந்துபோவதில்லை. அடுத்த ஆண்டு எஞ்சிய 3.60 கோடியில் 80 விழுக்காடு, அதாவது 2.88 கோடி, கணக்குக்கு வரும். ஆக இரண்டாம் ஆண்டு முடிவில் ஒருவர் 5.76 கோடியையும் மற்றவர் 5.28 கோடியையும் கழித்திருப்பார்கள். வரியை மட்டும் குறிவைப்பவருக்கு அக்டோபர் 3 உகந்த நாள். மார்ச் 31 இரண்டாம்பட்சம்.

இனி காற்றைப் பார்ப்போம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய் மூன்றிலும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் சோறு போடுகிறது. வைகாசியில் ஏறி, ஆடியில் உச்சத்துக்குப் போய், புரட்டாசியில் தளர்ந்துவிடும். அக்டோபர் தொடக்கத்தில் இயக்கிவைத்த ஆலைக்கு அந்த ஆண்டின் காற்று அநேகமாகப் போய்விட்டது. உரிமையாளருக்கு மிஞ்சுவது தேய்மானமும் மாதக்கணக்கான மந்தக் காற்றும்தான். மார்ச் கடைசியில் இயக்கியவருக்கோ பாதித் தேய்மானம் கைக்கு வந்துவிட்டது, இரண்டு மாதத்தில் முழு சீசனும் வந்துவிடும்.

மார்ச் மாத நெரிசலைக் காட்டி 'வரிக்காகவே நட்டார்கள்' என்று சொல்வதில் உள்ள சறுக்கல் இதுதான். மார்ச் இரண்டு நோக்கத்துக்கும் ஒத்துவரும் மாதம், ஆகவே அது எதையும் தீர்ப்பதில்லை. நோக்கங்கள் பிரியும் இடம் செப்டம்பர் கடைசியும் அக்டோபரின் முதல் மூன்று நாளும். அங்கே ஒரு குவியலைக் காட்டாதவரை வரிவாதம் நிறுவப்பட்டதாகக் கொள்ள முடியாது. 2017 மார்ச் நெரிசலை இதில் சேர்ப்பவர்களும் உண்டு. மார்ச் 31க்கு மறுநாளே தேய்மான விகிதம் 80இலிருந்து 40 ஆகப் போகிறதென்றால் எவரும் ஓடத்தான் செய்வார்கள். அது வேறு கதை.

வரி பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012 மார்ச் 31உடன் 80 விழுக்காடு தற்காலிகமாக நின்றது. 2011-12இல் நாடு முழுவதும் சுமார் 3,200 மெகாவாட்டாக இருந்த புதுத் திறன் அடுத்த ஆண்டில் சுமார் 1,700 மெகாவாட்டாகச் சரிந்தது. ஆனால் யூனிட்டுக்கு 50 காசு என்ற உற்பத்தி ஊக்கத்தொகையும் அதே நாளில்தான் நின்றது. முதலாவது நட்டதற்கான சலுகை, இரண்டாவது ஓட்டியதற்கான சலுகை. சரிவில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அந்தச் சரிவு முழுவதையும் தேய்மானத்தின் பேரில் எழுதுவது அவசரம்.

என் சாய்வை மறைக்கவில்லை. நூற்பாலைக்குப் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவு மின்சாரம். 2008 முதல் உயர் அழுத்த நுகர்வோர் மின்வெட்டில் தவித்த ஆண்டுகளில், ஆடியில் மின்வாரியக் கணக்கில் வரவு வைத்த யூனிட்டைத் தையில் எடுத்து ஸ்பிண்டில் ஓட்ட 'பேங்க்கிங்' வழிசெய்தது. அப்படி ஓட்டிய ஆலைக்காரரை வரி ஏய்ப்பவர் என்றும் சொல்ல முடியாது, பருவநிலைப் போராளி என்றும் சொல்ல முடியாது. அவர் யூனிட் வாங்கியவர்.

இப்போதெல்லாம் ஏலமுறையும் பெருநிறுவனங்களும் வந்துவிட்டன, பழைய விதியால் என்ன பயன் என்று கேட்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு நடுகிறவர் இருக்கும்வரை பயன் உண்டு. விகிதம் 40 ஆனாலும் பாதி பாதிதான்.

இந்த வெளிச்சத்தில் கண்காட்சிக்குத் திரும்பினால், அங்கே கூடிய கூட்டத்தைவிட அது நடக்கும் நாள் அதிகம் சொல்கிறது. விண்டர்ஜி என்ற காற்றாற்றல் கண்காட்சி 2024இலும் 2025இலும் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் அக்டோபர் பிற்பகுதியில் நடந்தது. சீசன் முடிந்துவிட்டது, முழுத் தேய்மானத்துக்கான கெடுவும் போய்விட்டது. அந்த நாட்களில் பேசி முடிக்கும் கொள்முதல் மார்ச்சையோ அடுத்த வைகாசியையோ நோக்கியதாகவே இருக்க முடியும். அமைப்பாளர்கள் இதை எண்ணித்தான் நாள் குறித்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் எதிர்வரும் காற்றுக்கு ஆலை வாங்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சமயம் அமையாது.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டின் ஒப்பந்தத் தொகை 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்து இத்துறையில் எழுதவருபவர் அதைப் போன்ற தொகைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, காற்றாலைகளின் இயக்கத் தொடக்கச் சான்றிதழ்களை முதலில் எடுக்கட்டும். அவற்றை அக்டோபர் 3க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிக்கட்டும்.